மழை நாளில் இரண்டு வயதுக் குழந்தை வீட்டுக்குள் ஓடியாட: மெத்தையா, அட்டைப்பெட்டியா, ஜமுக்காளமா, தண்ணீரா?

ஐப்பசி அடைமழை பிடித்ததும் ஒரே கேள்வி நாலைந்து பேரிடமிருந்து வந்துவிட்டது. கேட்டவர்கள் எல்லோரும் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள். வீட்டில் ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள் ஒரு குழந்தை. "பார்க்குக்கும் போக முடியல, மொட்டை மாடிக்கும் போக முடியல. சாயங்காலம் ஆனா சோபாவிலிருந்து குதிக்க ஆரம்பிச்சிடறான். ஒரு பிளாஸ்டிக் சறுக்குமரம் வாங்கிப் போட்டுடட்டுமா, இல்ல வீட்ல இருக்கிறதை வச்சே சமாளிக்கலாமா?"

வீட்டில் இருப்பதே தாராளமாகப் போதும். எதை எந்த நேரத்தில் கையில் எடுப்பது என்பதுதான் பிடிபடாமல் இருக்கிறது. தவறான நேரத்தில் தவறான விளையாட்டைத் தொடங்கிவிட்டால் கால் மணி நேரத்தில் குழந்தை அழும், நாமும் கத்துவோம். என் மகனுக்கு இப்போது இரண்டு வயது நான்கு மாதம். சென்னையில் இரண்டாவது மாடி, மொசைக் தரை. பகலில் அவனைப் பார்த்துக்கொள்வது என் மாமியார்; அத்தைக்கு மூட்டுவலி. மாலை ஐந்தரைக்கு மேல் நான். போன மழைக்காலம் முழுக்கவும் இந்த மழைக்காலத்தில் இதுவரையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றை இங்கே வைக்கிறேன்.

முதலில், எதை வைத்து எடைபோடுவது

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஒன்றிலிருந்து நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு நாள் முழுவதும் சேர்த்துக் குறைந்தது 180 நிமிடம் உடல் அசைவு வேண்டும். ஒரு வயதில் திரையே கூடாது. இரண்டு வயதில் அதிகபட்சம் ஒரு மணி நேரம். 180 என்றதும் மலைக்க வேண்டாம். நடப்பது, உட்கார்ந்து எழுவது, சாமான் தூக்குவது எல்லாமே இதில் அடக்கம். ஆனால் மழை நாளில், கைப்பேசி கையில் இருக்கும் வீட்டில், அந்த மூன்று மணி நேரம் தானாக வந்துவிடாது.

ஆகவே முதல் அளவுகோல், உடம்பு முழுவதும் வேலை செய்கிறதா என்பது. ஓடுவதை மட்டும் பார்க்காதீர்கள். ஏறுவது, தவழ்வது, தள்ளுவது, இழுப்பது, சுமப்பது இவற்றுக்குத்தான் வீட்டுக்குள் இடம் குறைவாகத் தேவைப்படும், சத்தமும் குறைவு.

இரண்டாவது, பெரியவருக்கு என்ன செலவாகிறது. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சில விளையாட்டுக்கு நம் கண் மட்டும் போதும். சிலதற்கு இடுப்பும் முழங்காலும் வேண்டும். பகலில் தாத்தா பாட்டி பார்த்துக்கொள்ளும் வீட்டில் இது ஒன்றே முடிவைத் தீர்மானித்துவிடும். மூன்றாவது, ஆபத்து. அடுத்தது கீழ்வீட்டுக்குப் போகும் சத்தம். கடைசியாக, எடுத்துவைக்க ஆகும் நேரமும், எத்தனை நாள் சலிக்காமல் ஓடும் என்பதும்.

| விளையாட்டு | உடம்புக்கு வேலை | பெரியவர் தரவேண்டியது | கீழ்வீட்டுச் சத்தம் | எடுத்துவைக்க | எத்தனை நாள் ஓடும் |
|---|---|---|---|---|---|
| மெத்தை, தலையணை | மிக அதிகம் | கண், கைக்கெட்டும் தூரத்தில் | நடுத்தரம் | 10 நிமிடம் | மாதக்கணக்கில் |
| தள்ளுவது, சுமப்பது | அதிகம் | நாற்காலியில் உட்கார்ந்தபடி கண் | குறைவு | 5 நிமிடம் | மாதக்கணக்கில் |
| ஜமுக்காளத் தேர் | நடுத்தரம் | இடுப்பும் முதுகும் | மிகக் குறைவு | உடனே | தினமும் கேட்கும் |
| தண்ணீர் | நடுத்தரம் | கண் எடுக்கவே கூடாது | இல்லை | 20 நிமிடம், துணி தனி | அலுக்கவே அலுக்காது |
| துணிப்பந்து, கூடை | அதிகம் | பாதிக் கவனம் | அதிகம் | 2 நிமிடம் | ஒரு வாரம், பிறகு இடைவெளி |

மெத்தையும் தலையணையும்

குழந்தை நிஜமாகவே வியர்த்து விறுவிறுத்துப் போக வேண்டும் என்றால் இதற்கு ஈடு இல்லை. கட்டிலிலிருந்து ஒற்றை மெத்தையை இறக்கித் தரையில் போடுங்கள். அதன்மேல் இரண்டு தலையணை, ஒரு சுருட்டிய போர்வை. ஏறு, உருளு, தாண்டு. தென்னைநார் மெத்தை விறைப்பாக இருப்பதால் ஒரு முனையைச் சோபா மேல் சாய்த்தால் நல்ல சரிவு கிடைக்கும். குழந்தை கீழிருந்து கையும் காலுமாக ஏறி, மேலே போய்த் திரும்பி, வயிற்றால் வழுக்கி வருவான். சறுக்குமரம் கேட்டவர்கள் முதலில் இதை ஒரு வாரம் செய்து பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கிக் குதிப்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டரை வயது வாக்கில்தான் கைகூடும். ஒன்றரை வயதில் "குதி" என்றால் முழங்காலை மடக்கி எழுந்து நிற்பார்கள். அதுவே அந்த வயதுக்கான குதிப்பு. கையைப் பிடித்துத் தூக்கிக் குதிக்க வைக்க வேண்டியதில்லை.

இதன் மறைமுகச் செலவுகள் கொஞ்சம் அதிகம். டைல்ஸ் தரையில் மெத்தை நழுவும். அடியில் ரப்பர் மிதியடி ஒன்றை வைத்து, சரிவின் கீழ்முனையை எதிரில் அசையாத எதற்காவது முட்டுக் கொடுக்க வேண்டும். மெத்தையைச் சுற்றி மூன்றடிக்கு டிவி ஸ்டாண்டோ, டீபாய் முனையோ இருக்கக் கூடாது. இலவம்பஞ்சுத் தலையணையின் தையல் விட்டால் பஞ்சு வீடெங்கும் பறக்கும். இழுப்பு உள்ள குழந்தைக்கு அது ஆகாது. வீட்டில் கைக்குழந்தையும் இருந்தால் அந்தத் தலையணைக் குவியல் பக்கம் அதைப் படுக்க வைக்கவே வேண்டாம். மூச்சு முட்டிவிடும்.

இன்னொரு சிக்கல் எங்களுக்கு நான்காம் நாள்தான் தெரிந்தது. மெத்தை மேல் குதிக்கலாம் என்று கற்றுக்கொண்ட பிள்ளை, மெத்தை இல்லாதபோதும் சோபாவிலிருந்து குதிக்கிறான். அவனுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? அதற்குப் பிறகு பச்சை ஜமுக்காளம் ஒன்றை மெத்தைக்குக் கீழே விரிப்பதை வழக்கமாக்கினோம். பச்சை விரித்திருந்தால் குதிக்கலாம், சுருட்டிவிட்டால் கிடையாது. பத்து நாளில் அவனே "பச்சே போடு" என்று கேட்கத் தொடங்கிவிட்டான்.

இது பொருந்துவது: பெரியவர் ஒருவர் எழுந்து ஓடக்கூடிய நிலையில் பக்கத்திலேயே இருக்கும் நேரத்துக்கு. காலை பத்து மணிக்கு முன்போ மாலை ஆறு, ஏழு மணி வாக்கிலோ. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டாம். தூக்கம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும்.

தள்ளுவதும் சுமப்பதும்

என் தேர்வு இதுதான். எல்லா வீட்டுக்கும், எல்லா நாளுக்கும் பொருந்தும் ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதையே சொல்வேன்.

வாஷிங் மெஷின், மிக்ஸி, கிரைண்டர் வந்த அட்டைப்பெட்டி ஒன்று போதும். இல்லையென்றால் மளிகைக் கடையில் கேட்டால் தருவார்கள். வெறும் பெட்டி முன்பக்கம் கவிழும், குழந்தையும் அதோடு போய் விழும். அதனால் உள்ளே ஐந்து கிலோ அரிசிப் பையைப் படுக்க வையுங்கள். இப்போது தள்ளச் சொல்லுங்கள். மகன் முதல் நாள் தள்ளியது இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டு உள்ளங்கையையும் அட்டையில் பதித்தான். தலையைக் குனிந்து நெற்றியையும் வைத்தான். கால் விரல்கள் மொசைக்கைக் கவ்விப் பிடித்தன. "ம்ம்ம்" என்று ஒரு முக்கல். பெட்டி ஒரு சாண் நகர்ந்தது. நிமிர்ந்து அத்தையைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தான். சமையலறையிலிருந்து கூடத்தின் கோடி வரை போக ஆறேழு நிமிடம். நிலைப்படியில் பெட்டி இடித்து நின்றபோது அழுவான் என்று நினைத்தேன். சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், விளிம்பைப் பிடித்து இழுக்கத் தொடங்கினான்.

கனத்தைத் தள்ளி இழுத்த குழந்தை அடங்கி உட்காருகிறது என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஓட்டம் சில நேரம் ஆட்டத்தைக் கூட்டிவிடும். பாரம் தள்ளுவது அடக்கிக் கொடுக்கும். அதனால்தான் மதியத் தூக்கத்துக்கு முந்தைய நேரத்துக்கு இது ஒத்துவருகிறது.

இதன் இன்னொரு வடிவம் அத்தையின் கண்டுபிடிப்பு. கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார், மடியில் முறம். சமையலறைத் தரையில் காய்கறிக் கூடை. "கடைக்காரரே, உருளைக்கிழங்கு ஒண்ணு குடுங்க" என்பார். அவன் ஓடிப்போய்க் குனிந்து ஒன்றே ஒன்றை எடுத்து வந்து முறத்தில் போடுவான். ஒரு கிலோவில் பதினொரு கிழங்கு என்றால் பதினொரு நடை, பதினொரு முறை குனிந்து நிமிர்வது. எல்லாம் வந்து சேர்ந்ததும், "அழுகலா இருக்கு, திருப்பி எடுத்துக்கோங்க" என்று திருப்பி அனுப்புவார். அத்தை ஒரு முறைகூட நாற்காலியை விட்டு எழவில்லை. தேங்காய் இருந்தால் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி வருவான். அவனுக்குக் கனமான தேங்காய்தான் பிடித்த சாமான்.

தமிழுக்கு இது புதிதில்லை. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். கட்டியதைச் சிதைப்பது, தட்டி முழக்குவது, உருட்டி இழுப்பது. இந்த வயதுப் பிள்ளை வீட்டுக்குள் செய்யும் எல்லாமே இந்த மூன்றில் வந்துவிடுகிறது. மரத்தில் செய்த மூன்று சக்கர நடைவண்டி வீட்டில் பழையது இருந்தால் அதையும் இதற்கு எடுத்துக்கொள்ளலாம். பின்னால் நின்று தள்ளுவது நல்லதுதான். குழந்தையை நடுவில் உட்கார வைத்து உருளும் பிளாஸ்டிக் வாக்கர் வேறு சமாசாரம். அது படியிலும் அடுப்படியிலும் கொண்டுபோய் விடும் என்பதற்காகக் கனடாவில் 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள்.

இதிலும் மறைந்த செலவு உண்டு. பெட்டியைத் தரும் முன் இரும்பு ஸ்டேபிள் பின்கள் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும். மழைக்காலத்தில் அட்டை நமுத்துப் பூச்சி சேரும். ஒரு வாரத்துக்கு மேல் ஒரே பெட்டியை வைத்திருக்காதீர்கள். கதவிடுக்கில் விரல் நசுங்காமல் இருக்க எல்லாக் கதவுக்கும் கீழே மடித்த துணியைச் செருகிவிடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளக் கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் அவன் அதைத் தள்ளிக்கொண்டு போய் அடுப்பு மேடைக்குக் கீழே நிறுத்திவிட்டு ஏறத் தொடங்கினான். பால்கனிச் சுவர் உள்ள வீட்டில் தள்ளும் நாற்காலியும் ஏணியும் ஒன்றுதான். பெட்டி மேல் ஏறினால் அது அமுங்கிவிடும். அந்த அளவுக்கு அது பத்திரம்.

ஜமுக்காளத் தேர்

தடித்த ஜமுக்காளத்தையோ பழைய போர்வையையோ நான்காக மடித்துக் குழந்தையை மேலே உட்கார வைத்து இழுத்துக்கொண்டு போவது. மொசைக், டைல்ஸ், சிவப்பு சிமெண்ட் தரை எல்லாவற்றிலும் வழுக்கும். கீழ்வீட்டுக்கு ஒரு சத்தமும் போகாது. இரவு எட்டரை மணிக்கும் ஓட்டலாம்.

பார்ப்பதற்குக் குழந்தை சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும். திருப்பத்தில் சாயாமல் நிமிர்ந்து இருக்க வயிறும் முதுகும் நிறையவே உழைக்கின்றன. ஆனாலும் மற்றவற்றோடு ஒப்பிட்டால் உழைப்பு நமக்குத்தான். இரண்டு வயதில் பதினொன்று, பன்னிரண்டு கிலோ இருப்பார்கள். குனிந்து இழுத்தால் மறுநாள் இடுப்பு பேசும். துப்பட்டாவை முனையில் முடிந்து நிமிர்ந்து நின்று இழுங்கள். தொடக்கத்தில் வெடுக்கென்று இழுத்தால் குழந்தை மல்லாந்து பின்மண்டை தரையில் அடிபடும். சம்மணம் போட வைத்து மெதுவாகத் தொடங்குங்கள், அல்லது குப்புறப் படுக்க வையுங்கள்.

ஐந்து நிமிடம் நீங்கள் இழுத்த பிறகு பொம்மையையோ மடித்த துணிகளையோ ஏற்றி அவனை இழுக்கச் சொன்னால் கணக்கு நேராகிவிடும். அப்பா வேலையிலிருந்து திரும்பிய பிறகு, பகலில் போதிய அளவு ஆடாத குழந்தைக்கு, கீழ்வீட்டுக்காரர்கள் படுத்துவிட்ட நேரத்துக்கு இது சரி. மூட்டுவலி உள்ளவர்களிடம் இதைத் தொடங்கி வைக்காதீர்கள். "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்பது நிற்காது, பாட்டிக்கு மறுக்க மனம் வராது.

தண்ணீர்

குழந்தைகளுக்கு இதைவிடப் பிடித்தது எதுவும் இல்லை. இரண்டு அகலமான பேசின், ஒரு சொம்பு, ஒரு டம்ளர். குளியலறையின் இந்தக் கோடியில் ஒரு பேசின், அந்தக் கோடியில் ஒன்று. இதிலிருந்து மொண்டு அதில் ஊற்ற வேண்டும். குத்துக்காலிட்டு உட்கார்வது, ததும்பாமல் எழுவது, நாலடி நடப்பது என்று தொடைக்கு நல்ல வேலை. பழைய பெயிண்ட் பிரஷ் கொடுத்துச் சுவருக்குத் தண்ணீர் அடிக்கச் சொன்னால் கை மேலும் கீழும் போகும்.

ஆனால் இந்தப் பட்டியலில் கண்ணை எடுக்கவே கூடாதது இது ஒன்றுதான். இரண்டு அங்குலத் தண்ணீரில்கூடச் சின்னக் குழந்தை மூழ்கிவிடும். தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது, சத்தமும் வராது. வாளி வேண்டவே வேண்டாம், பேசின் மட்டும். காலிங் பெல் அடித்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டே போங்கள். முடிந்ததும் எல்லாப் பாத்திரத்தையும் கவிழ்த்து வையுங்கள், குளியலறையைத் தாழ் போடுங்கள். வயதானவர் தனியாகப் பார்த்துக்கொள்ளும் நேரத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஈரத் தரையில் அவர்கள் வழுக்கினால் அதுவே பெரிய ஆபத்து.

மழைக்காலத்தில் துணி காயாத கவலையும் சேர்ந்துகொள்ளும். அக்னி நட்சத்திரம் சமயத்தில், வெயிலால் வெளியே போக முடியாத மத்தியானங்களில்தான் தண்ணீர் விளையாட்டு மற்ற எல்லாவற்றையும் முந்துகிறது. அப்போது தண்ணீர்த் தட்டுப்பாடு இருக்குமே என்றால், ஐந்து லிட்டர் போதும். அதையே செடிக்கு ஊற்றிவிடலாம்.

துணிப்பந்தும் துணிக்கூடையும்

பழைய காலுறைகளை ஒன்றுக்குள் ஒன்று திணித்தால் பந்து. அழுக்குத் துணிக் கூடையில் போட வேண்டும். இந்த வயதில் குறி தப்பத்தான் செய்யும், பந்தை எடுக்க ஓடுவதில்தான் பயிற்சியே இருக்கிறது. சமைத்துக்கொண்டே பாதிக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். ஓட்டச் சத்தம் அப்படியே கீழே இறங்கும். எங்கள் கீழ்வீட்டு அக்கா, "மூணு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் மட்டும் வேண்டாம்மா, மாமா தூங்குவாங்க" என்று சொன்னார். அவரிடம் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் கேட்டுவிடுங்கள்.

பலூன் மெதுவாக இறங்குவதால் பிடிக்க எளிது என்று பலரும் தருகிறார்கள். மூன்று வயதுக்குள் தராதீர்கள். வெடித்த துண்டு வாய்க்குள் போனால் தொண்டையில் படலம்போல் ஒட்டிக்கொள்ளும், எடுப்பது கடினம். மெல்லிய பருத்தித் துப்பட்டாவை மேலே வீசினால் அதே மெதுவில் இறங்கும். தலையில் விழுந்தால் சிரிப்பும் வரும். ஆடி முடிந்ததும் எடுத்து மேலே வைத்துவிடுங்கள்.

பாத்திரம் தட்டுவது கைக்கு மட்டுமான வேலை, அதனால் சேர்க்கவில்லை. டேப் ஒட்டிய கோட்டில் நடப்பது நல்லது, ஆனால் இரண்டு வயதில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காது. புளியங்கொட்டை, சோழி, தண்ணீர் பாட்டில் மூடி போன்ற சின்னச் சாமான் எதுவும் மூன்று வயதுக்குள் விளையாட்டில் வேண்டாம்.

புடவைத் தூளியை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். தூங்க வைத்த தூளியே வளர்ந்த பிள்ளைக்கு ஊஞ்சலாகிவிடுகிறது. தானாகச் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொள்ளும் குழந்தையின் கழுத்தில் புடவை இறுகிப்போகும். பெரியவர் பிடித்து ஆட்டாத நேரத்தில் கொக்கியிலிருந்து அவிழ்த்து மடித்து வைத்துவிடுங்கள்.

காசு கொடுத்து வாங்கினால்

பிளாஸ்டிக் சறுக்குமரம் சில ஆயிரம் ரூபாய். கூடத்தில் நாலைந்தடி இடத்தை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். ஓடுவதற்கு இருந்த இடமும் போய்விடும் என்பதுதான் பெரிய இழப்பு. பெரியவர் கண் இதற்கும் வேண்டும். அந்த வேலையிலிருந்து விடுதலை கிடைக்கும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். ஒரே வீட்டில் மூன்று வயதுக்குள் இரண்டு குழந்தைகள், பெரிய கூடம், தரைத்தளம் என்றால் வாங்கலாம், அக்கம்பக்கத்தில் பழையது கிடைத்தால் இன்னும் நல்லது. மணிக்குக் காசு வாங்கும் விளையாட்டுக் கூடங்களுக்கு மாதம் ஒரு முறை போகலாம். தினசரி மூன்று மணி நேர அசைவுக்கு அது வழியாகாது. மழையில் போக ஒரு மணி, வர ஒரு மணி, அந்த நேரமெல்லாம் குழந்தை மடியிலேயே இருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு எது

பகலில் பாட்டி தனியாக என்றால் காய்கறிக் கடையும் அரிசிப் பெட்டியும் மட்டும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய் ஏழு மணிக்கு வருகிறீர்கள் என்றால் முதல் இருபது நிமிடம் மெத்தை, சாப்பாட்டுக்குப் பின் ஜமுக்காளம். கீழ்வீட்டில் நோயாளியோ கைக்குழந்தையோ இருந்தால் பந்தைத் தொடவே வேண்டாம். ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் தள்ளும் பெட்டி. மூன்றை நெருங்கும் குழந்தைக்கு மெத்தையும் துணிப்பந்தும். விடுமுறை நாளில், முழு மனதோடு முக்கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார முடியும் என்றால் தண்ணீர்.

உங்களுக்கே உடம்பு முடியாத நாளும் வரும். எனக்குப் போன வாரம் தலைவலி. மெத்தையைத் தரையில் போட்டு நானே குப்புறப் படுத்துக்கொண்டேன். அவன் இடுப்பு மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, கால் பக்கமாகச் சுற்றி வந்து மறுபடி ஏறினான். இருபது முறைக்கு மேல் இருக்கும். நான் கண்ணை மூடியிருந்தாலும் அவன் எங்கே இருக்கிறான் என்று முதுகுக்குத் தெரிந்தது. அறைக்கதவை மட்டும் சாத்திக்கொள்ளுங்கள், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி உயரத்தில் வையுங்கள், கழுத்துச் சங்கிலியை நைட்டிக்குள் விட்டுக்கொள்ளுங்கள்.